மேற்குலகின் மீதான ஜிகாதி அச்சுறுத்தல்: எதைக் கொண்டு அளப்பது?

2005 ஜூலை 7, ஜூலை 21. இரண்டும் வியாழக்கிழமைகள். ஊர் ஒன்றே, லண்டன். இரண்டு நாளும் முதுகுப்பையில் குண்டு சுமந்தவர்கள் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் ஏறினார்கள். இரு குழுக்களுமே ஹைட்ரஜன் பெராக்சைடை அடிப்படையாகக் கொண்டு அடுக்குமாடி வீட்டுக்குள் வெடிபொருள் தயாரித்தவை. இரு குழுக்களின் தலைவர்களும் அதற்குச் சில மாதங்களுக்கு முன் பாகிஸ்தான் போய் வந்தவர்கள். முதல் வியாழனில் 52 பயணிகள் இறந்தார்கள். இரண்டாவது வியாழனில் வெடிதூண்டி மட்டும் பட்டாசுச் சத்தத்தோடு வெடித்தது, கலவை வெடிக்கவில்லை. பயணிகளில் ஒருவரும் சாகவில்லை. மறுநாள் ஸ்டாக்வெல் நிலையத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத பிரேசில் நாட்டு எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் தப்பியோடிய குண்டுதாரி என்று நினைத்துக் காவல்துறை சுட்டுக் கொன்றது.

இறந்தோர் பட்டியலை வைத்து அச்சுறுத்தலை அளப்பவருக்கு முதல் நாள் 52, இரண்டாவது நாள் பூஜ்யம். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் லண்டனுக்கு இருந்த ஆபத்து குறைந்துவிடவில்லை. கொல்லத் துணிந்தவர்கள் இருந்தார்கள், ஆள்பலம் இருந்தது, கண்காணிப்பில் ஓட்டையும் இருந்தது. கலவை மட்டும் பிசகியது. மேற்கு நாடுகள் மீதான ஜிகாதி பயங்கரவாதம் எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்று கேட்கிற யாரும் இந்த இரண்டு வியாழக்கிழமைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கையை நம்புவோரின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் முல்லரும் பொறியியலாளர் மார்க் ஸ்டூவர்ட்டும் அதை விரிவாக முன்வைத்தவர்கள். 1970 முதல் 2007 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் ஒருவர் ஓர் ஆண்டில் பயங்கரவாதத் தாக்குதலில் இறக்கும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட 2,977 பேரும் அந்தக் கணக்கில் அடக்கம். அதன் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க மண்ணில் ஜிகாதிகள் கொன்றவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அவர்களில் 49 பேர் 2016இல் ஆர்லாண்டோ இரவு விடுதி ஒன்றில், ஒரே இரவில், ஒரே ஆளால் சுடப்பட்டவர்கள்.

பயமும் கொல்லும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர், செப்டம்பர் 11க்குப் பிறகு விமானத்துக்கு அஞ்சிக் காரில் நெடுந்தூரம் போன அமெரிக்கர்களின் சாலை மரணங்களை ஆராய்ந்தார். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருந்தார்கள். கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இருந்த பயணிகளின் எண்ணிக்கையைவிட இது பல மடங்கு.

இந்த வாதத்தில் நான் ஏற்கும் பகுதி பெரியது. ஜிகாதி பயங்கரவாதம் எந்த மேற்கத்திய அரசையும் கவிழ்க்கப் போவதில்லை. எந்த நாட்டின் எல்லையையும் அது மாற்றாது. நாகரிகமே அழிந்துவிடும் என்று மேடையில் முழங்கியவர்கள், பொய்யைச் சொல்லிப் போருக்கு ஆள் திரட்டினார்கள். ஆனால் சாலை விபத்து யோசித்துச் செயல்படுவதில்லை. போன முறை ஏன் வெடிக்கவில்லை என்று அது உட்கார்ந்து ஆராய்வதில்லை. பயங்கரவாதக் குழு ஆராய்கிறது. தவிர, இங்கே மரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு சீராக வருவதில்லை. பல ஆண்டுகள் ஒற்றை இலக்கம், பிறகு ஒரே நாளில் மாட்ரிட் ரயில்களில் ஏறத்தாழ 190, பாரிஸில் 130, நீஸில் 86. இப்படிப்பட்ட தொடரில் சராசரிக்கு அர்த்தம் குறைவு. அந்தச் சில பெரிய நாள்கள் எப்படி உருவாயின என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதுபற்றி 2008இல் ஒரு காரசாரமான விவாதம் நடந்தது. மனநல மருத்துவரும் முன்னாள் சிஐஏ அதிகாரியுமான மார்க் சேஜ்மன், அல்-காய்தா தலைமை செயலிழந்துவிட்டது, இனி ஆபத்து தலைவனில்லாத, தாமாகத் திரளும் உள்ளூர் இளைஞர் கூட்டங்களிடமிருந்தே வரும் என்று எழுதினார். அமைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பாகிஸ்தான் மலைப்பகுதியிலிருந்து கட்டளை வருகிறது என்று பயங்கரவாத ஆய்வாளர் புரூஸ் ஹாஃப்மன் கடுமையாக மறுத்தார். இன்று திரும்பிப் பார்த்தால் இருவர் சொன்னதும் நடந்திருக்கிறது, ஆனால் ஒரே அளவில் அல்ல. தாமாகக் கிளம்பியவர்களின் சதிகள் எண்ணிக்கையில் அதிகம். அமைப்பின் கை பின்னால் இருந்தவை எண்ணிக்கையில் குறைவு, உயிர்ப்பலியில் அதிகம்.

நார்வே ஆய்வாளர் தாமஸ் ஹெக்ஹாமர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. 1990 முதல் 2010 வரை மேற்கு நாடுகளிலிருந்து வெளிநாட்டுப் போர்க்களங்களுக்குப் போன ஜிகாதிகளில், சொந்த நாட்டைத் தாக்கத் திரும்பியவர்கள் அதிகபட்சம் ஒன்பதில் ஒருவர். போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே போரிடத்தான் போகிறார்கள். ஆனால் அப்படித் திரும்பிய ஒருவர் ஒரு சதிக்குள் இருந்தால் அது தாக்குதலாக முடியும் வாய்ப்பும், அதில் பலர் இறக்கும் வாய்ப்பும் கூடுகின்றன. திரும்பிய எல்லோரும் வெடிகுண்டு அல்ல என்று சொன்ன அதே ஆய்வுதான், ஒரு சிலரைத் தவறவிட்டால் என்ன விலை என்றும் காட்டியது.

அந்த விலையை 2015இல் பாரிஸ் கொடுத்தது. சிரியா, ஈராக் போருக்கு ஐரோப்பாவிலிருந்து ஐயாயிரம் பேருக்கு மேல் போயிருந்த காலம் அது. ஐ.எஸ். அமைப்பிடம் நிலம் இருந்தது, பணம் இருந்தது, வெளிநாட்டுத் தாக்குதல்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அப்தெல்ஹமித் அபாவூதின் ஆட்கள் 2015 ஜனவரியில் வெர்வியே என்னும் ஊரில் சிக்கிக்கொண்டார்கள், இருவர் கொல்லப்பட்டார்கள். சதி முறிந்தது, அபாவூத் தப்பினார். பத்து மாதம் கழித்து, நவம்பர் 13 இரவு, மூன்று அணிகள் கால்பந்து அரங்கம், உணவக வாசல்கள், பட்டக்லான் இசையரங்கம் என்று பிரிந்து தாக்கின. பட்டக்லானில் மட்டும் 90 பேர் இறந்தார்கள். கால்பந்து அரங்கத்துக்கு வெளியே வெடித்துச் செத்தவர்களில் இருவர், அகதிகளின் கூட்டத்தில் கலந்து கிரேக்கத் தீவு லெரோஸில் பதிவு செய்துகொண்டு வந்தவர்கள்.

அந்த இரவை அடுத்த காலையில் நடந்தது என்னை நெடுநாள் உறுத்தியது. தாக்குதல் அணியில் உயிரோடு மிஞ்சிய சலா அப்தெஸ்லாம், இரண்டு நண்பர்களோடு காரில் பெல்ஜியம் திரும்பிக்கொண்டிருந்தார். கம்ப்ரே அருகே பிரெஞ்சுக் காவலர்கள் காரை நிறுத்தி, பெயரைச் சரிபார்த்து, போகச் சொல்லிவிட்டார்கள். அவரைப் பற்றி பெல்ஜியத்துக்குத் தெரிந்திருந்தது அந்தச் சோதனைச் சாவடிக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அவர் பிடிபட்டது நான்கு மாதம் கழித்து, பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக் பகுதியில். பிடிபட்ட நான்காம் நாள், 2016 மார்ச் 22 அன்று, அதே வலைப்பின்னலின் எஞ்சிய ஆட்கள் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலும் மெட்ரோ ரயிலிலும் 32 பேரைக் கொன்றார்கள். விமான நிலையக் குண்டுதாரிகளில் ஒருவரை முந்தைய ஆண்டு சிரிய எல்லையருகே துருக்கி பிடித்து, நெதர்லாந்துக்கு நாடு கடத்தி, பெல்ஜியத்துக்கும் தகவல் சொல்லியிருந்தது. காவலர் மீது துப்பாக்கியால் சுட்டு ஒன்பதாண்டுத் தண்டனை பெற்று, பரோலில் வெளியே இருந்தவர் அவர். பிரஸ்ஸல்ஸ் ஒரே நகரம், ஆனால் அதற்குள் 19 நகராட்சிகள், ஆறு தனித்தனிக் காவல் மண்டலங்கள். பயிற்சி பெற்ற ஆட்கள், வாடகை வீடுகள், மாதக்கணக்கில் கலையாமல் கிடைத்த நேரம், துண்டு துண்டான காவல் ஆகிய எல்லாம் அந்தக் காலத்தில் ஒன்றாகக் கூடிவந்தன. அந்தக் கூட்டுச்சேர்க்கையைத்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதன் மறுபக்கத்தை ஸ்பெயினின் ரிப்போல் காட்டுகிறது. பிரனீஸ் மலையடிவாரத்துச் சிற்றூர். மொராக்கோ வம்சாவளி இளைஞர்கள், அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள், பலர் அண்ணன் தம்பிகள். அவர்களைத் திரட்டியவர் போதைப்பொருள் கடத்தலுக்குச் சிறை சென்று வந்த ஒரு இமாம். ஐரோப்பிய ஜிகாதிக் குழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த பெட்டர் நெஸ்ஸர், இத்தகைய குழு ஒவ்வொன்றிலும் ஒரு தொழில்முனைவர் இருப்பார் என்கிறார். தொழில் தொடங்குபவரைப் போல் ஆளையும் பணத்தையும் தொடர்பையும் சேர்ப்பவர். மற்றவர்கள், அதாவது சீடன், வழிதவறியவன், நண்பனுக்காகச் சும்மா சேர்ந்துகொண்டவன், எல்லோரும் அவர் வழியாகவே குழுவாகிறார்கள். அந்தத் தொழில்முனைவரை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குழுவே இல்லை.

2017 ஆகஸ்ட் 16 இரவு அல்கனார் என்ற கடலோர ஊரில் அந்தக் குழு வெடிபொருள் சேர்த்து வைத்திருந்த வீடு வெடித்துச் சிதறியது. இமாமும் அதில் செத்தார். இடிபாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட எரிவாயு சிலிண்டர்கள் கிடந்தன. காவல்துறை முதலில் அதைச் சமையல் எரிவாயு விபத்து என்றே நினைத்தது. மறுநாள் மாலை, எஞ்சிய இளைஞர்களில் ஒருவர் வேனை பார்சிலோனாவின் லா ராம்ப்லா நடைபாதையில் ஏற்றினார். இரண்டு நாள்களில் மொத்தம் 16 பேர் இறந்தார்கள். செய்திகளில் இது எளிய ஆயுதத் தாக்குதல் என்று பதிவானது. உண்மையில் அது, தோற்றுப்போன ஒரு பெரிய திட்டத்தின் மிச்சம். வேன், கத்தி என்று தாக்குதல்கள் சிறுத்துப் போனதைப் பார்த்து ஜிகாதிகளின் ஆசை சிறுத்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. கைக்கு எட்டியது அதுதான்.

என் வாதத்துக்கு அடங்காத ஒரு நிகழ்வும் இருக்கிறது. 2016 ஜூலை 14 இரவு நீஸ் கடற்கரைச் சாலையில் வாணவேடிக்கை பார்த்துத் திரும்பிய கூட்டத்தின் மீது 19 டன் லாரியை ஓட்டி 86 பேரைக் கொன்றவர், சிரியாவுக்குப் போனவர் அல்லர். பயிற்சி இல்லாத ஒருவரும் பெருங்கொலை செய்ய முடியும் என்பதை அந்த இரவு நிரூபித்தது. 2014 செப்டம்பரில் ஐ.எஸ். பேச்சாளர் அத்னானி, கல், கத்தி, கார், எது கிடைக்கிறதோ அதால் கொல்லுங்கள் என்று விடுத்த அழைப்புக்குக் கிடைத்த மிகக் கொடிய பதில் இது. ஆனால் இந்த வகை ஆபத்துக்கு எதிரே பெரும்பாலும் நிற்பது உளவுத்துறை அல்ல, நகராட்சி. நடைபாதையில் ஊன்றிய இரும்புத் தூண் ஒரு லாரியை நிறுத்தும். 2025 புத்தாண்டு அதிகாலையில் நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவில் 14 பேர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த பழைய தடுப்புத் தூண்களை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொன்றவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 42 வயதுக்காரர்.

2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமத்தோடு ஐ.எஸ்.ஸின் நிலப்பரப்பு போனது. அதன் பிறகு மேற்கில் வரைகோடு இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2023இல் யூரோபோல் பதிவு செய்த 120 பயங்கரவாதத் தாக்குதல்களில், முறியடிக்கப்பட்டவையும் சேர்த்து, ஜிகாதிகளுடையவை 14. இறந்தவர்கள் ஆறு பேர். உலகில் ஜிகாதி வன்முறை கொன்று குவிப்பது வேறு இடங்களில்: புர்கினா ஃபாஸோ, மாலி, நைஜர். அங்கே சாகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மேற்கைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த உண்மையை முன்னால் வைக்காமல் தொடங்குவது நேர்மையற்றது.

வரைகோடு இறங்கியதற்குக் காரணம் ஆட்கள் மனம் மாறியதா, கண்காணிப்பு கூர்மையானதா? பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5இன் தலைவர் கென் மெக்கல்லம் 2024 அக்டோபரில் சொன்ன கணக்கு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. 2017 மார்ச் முதல் கடைசிக் கட்டத்தில் இருந்த 43 சதிகளை அவரது அமைப்பும் காவல்துறையும் முறியடித்திருக்கின்றன. பயங்கரவாத எதிர்ப்புப் பணியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இஸ்லாமியத் தீவிரவாதம், மீதி வலதுசாரித் தீவிரவாதம். விசாரணைக்கு உள்ளாகிறவர்களில் 13 விழுக்காட்டினர் 18 வயதுக்குக் கீழ். இந்தச் சிறுவர்கள் பாகிஸ்தானுக்கோ சிரியாவுக்கோ போகவில்லை. அவர்களின் தொழில்முனைவர் ஒரு கைபேசித் திரைக்குள் இருக்கிறார், பல சமயம் முகமே இல்லாமல். திறமை குறைவு, பொறுமையும் குறைவு, ஆகவே பலர் சீக்கிரம் பிடிபடுகிறார்கள். ஆனால் முடிவெடுப்பதற்கும் கத்தி எடுப்பதற்கும் இடையிலான நாள்கள் சுருங்கிவிட்டன.

வியன்னா நகரம் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு பாடங்களையும் பெற்றது. 2020 ஜூலையில் ஓர் இளைஞர் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்குப் போய்த் துப்பாக்கித் தோட்டா வாங்க முயன்றார். ஐ.எஸ்.ஸில் சேர முயன்றதற்காகத் தண்டனை பெற்று முன்கூட்டியே விடுதலையானவர். ஸ்லோவாக்கியக் காவல்துறை ஆஸ்திரியாவுக்குத் தகவல் அனுப்பியது. அது மேசையில் கிடந்தது. நவம்பர் 2 இரவு அவர் நகரின் நடுவில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார். 2024 ஆகஸ்டில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் மூன்று இசை நிகழ்ச்சிகளைக் குறிவைத்த சதி பற்றி அமெரிக்க உளவுத்துறை தகவல் தந்தது. இந்த முறை 19 வயது இளைஞர் வீட்டிலேயே பிடிபட்டார். நிகழ்ச்சிகள் ரத்தாயின, ரசிகர்கள் தெருவில் நின்று பாடிவிட்டுக் கலைந்தார்கள். பின்னதற்குப் புள்ளிவிவரத்தில் இறந்தோர் பூஜ்யம்.

தகவல் கையில் இருந்தும் அரசு அசையாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். பாகூஸ் விழுந்த அடுத்த மாதம் ஐ.எஸ். உரிமை கோரிய பெருந்தாக்குதல் நடந்தது ஐரோப்பாவில் அல்ல, இலங்கையில். 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை கொழும்பை எச்சரித்திருந்தது. அதிபரும் பிரதமரும் பேசிக்கொள்ளாத அரசு அது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் சொகுசு ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற குழந்தைகளும் அவர்களில் உண்டு. பாரிஸுக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே கொலைகாரர்களின் கொள்கையில் வேறுபாடு இல்லை.

அச்சுறுத்தலை மதிப்பிடுகிறவர்கள் இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும்: மேற்கே அதை எவ்வளவு வளர்த்தது? ஈராக் மீது போர் தொடுத்தால் பயங்கரவாத ஆபத்து கூடும் என்று பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு 2003 பிப்ரவரியில், போருக்கு முந்தைய மாதமே, பிரதமருக்கு எழுத்தில் சொல்லியிருந்தது. எம்.ஐ.5இன் முன்னாள் தலைவர் எலைசா மேனிங்காம்-புல்லர் 2010இல் ஈராக் போரை ஆராய்ந்த சில்காட் விசாரணை முன் சாட்சி சொன்னபோது, படையெடுப்பு ஓர் இளந்தலைமுறையின் ஒரு பகுதியைத் தீவிரமாக்கியது என்றார். படையெடுப்பின் சிதைவில் சர்காவியின் ஈராக் அல்-காய்தா வளர்ந்தது, அதிலிருந்து ஐ.எஸ். வந்தது, அங்கிருந்து பாரிஸுக்கு ஆள் வந்தார்கள். 2001க்குப் பிந்தைய போர்களில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் ஒன்பது லட்சம் பேர், அமெரிக்காவுக்கு ஆன செலவு எட்டு டிரில்லியன் டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் 2021இல் மதிப்பிட்டது. மேற்கில் ஜிகாதிகள் கொன்ற எவருடைய உயிரையும் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பீடு சரியாக இருந்தும் அதை மீறி எடுத்த முடிவு இத்தனை உயிர்களைக் குடித்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, இன்றைய நிலையை நான் இப்படி வாசிக்கிறேன். கொல்லும் எண்ணம் குறையவில்லை. காசாப் போருக்குப் பின் அது கூடியிருக்கிறது. திறன் குறைவாகவே இருக்கிறது. ஆனால் திறன் நிரந்தரமாகக் குறைந்த பொருள் அல்ல. ஐ.எஸ்.ஸின் கொராசான் கிளை 2024 மார்ச் 22 அன்று மாஸ்கோ புறநகரின் குரோகஸ் அரங்கத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, தூரத்திலிருந்து ஆளனுப்பித் தாக்கும் அமைப்பு மறுபடி உருவாகிவிட்டது தெரிந்தது. இரண்டு வாரம் முன்னரே அமெரிக்கா மாஸ்கோவில் இருந்த தன் குடிமக்களை வெளிப்படையாக எச்சரித்திருந்தது. ஒரு புகலிடம், சில பயிற்சியாளர்கள், ஓரிரு ஆண்டுகள் போதும். மூன்றாவது அளவு, கண்காணிக்கிறவர்களின் கவனம். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்.

2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கத்தில் 22 பேரைக் கொன்ற சல்மான் அபேதியை எம்.ஐ.5 முன்பே அறியும். 2014இல் அவரது கோப்பைத் திறந்து மூடியிருந்தது. தாக்குதலுக்கு முந்தைய மாதங்களில் அவரைப் பற்றி இரண்டு தகவல்கள் வந்தன. ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணையின் 2023 அறிக்கை, அவற்றில் ஒன்றைப் பெற்ற அதிகாரி உடனே சக அதிகாரிகளிடம் பேசவில்லை, அன்றே அறிக்கை எழுதவும் இல்லை என்று பதிவு செய்தது. உரிய நேரத்தில் செயல்பட்டிருந்தால் மே 18 அன்று லிபியாவிலிருந்து திரும்பிய அபேதியை விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கலாம், அல்லது பின்தொடர்ந்து வெடிபொருள் வைத்திருந்த காரைக் கண்டிருக்கலாம் என்றது. அந்த ஆண்டு எம்.ஐ.5 ஒரே நேரத்தில் சுமார் 500 விசாரணைகளை நடத்திக்கொண்டிருந்தது. 3,000 பேர் மீது கண் வைத்திருந்தது. கோப்பு மூடப்பட்ட இன்னும் 20,000 பேர் இருந்தார்கள்.

அந்த மூடிய கோப்புகள் குறையவில்லை. 2024 உரையில் மெக்கல்லம் இன்னொரு செய்தியும் சொன்னார். ரஷ்யா, ஈரான் முதலிய அரசுகளின் சதிகள் பற்றிய விசாரணைகள் ஒரே ஆண்டில் 48 விழுக்காடு கூடியிருக்கின்றன. அபேதி போன்றவர்களைப் பற்றிய துண்டுத் தகவல் வந்து சேரும் அதே அமைப்புதான், குறையாத பயங்கரவாதப் பணியோடு சேர்த்து, இந்தப் புதிய சுமையையும் தாங்குகிறது.